ஈரம் பொறுக்காத ரொட்டி

அலோர் ஸ்டாரில் காலையில் பசியாறப் போகிறவருக்கு ரொட்டிக்குக் குறைவில்லை. மாமாக் கடையில் உட்கார்ந்தால் ரொட்டி சானாய் வரும். முட்டை போட்டால் ரொட்டி தெலூர், வெங்காயம் போட்டால் ரொட்டி பாவாங், டின் மீனை மசித்து மடித்தால் ரொட்டி சார்டின். கேட்டால் சப்பாத்தியும் கிடைக்கும். ஆனால் பஞ்சாபிக் குடும்பங்களில் விடுமுறைக் காலை என்றாலே கல்லில் ஏறும் ஆலு பராத்தா, அதாவது மசித்த உருளைக்கிழங்கை உள்ளே வைத்துத் தேய்த்துச் சுடும் ரொட்டி, அந்தக் கடைப் பலகைகளில் வழக்கமாக இருப்பதில்லை. ஏன் என்றால், பஞ்சாபியர் இங்கே கொஞ்சப் பேர்தானே என்பார்கள். இந்தப் பதில் நிற்காது. கெடாவில் தமிழரும் சிறுபான்மைதான். தோசை போகாத இடம் உண்டா? மலாய்க்காரர்கள் அதைத் ‘தோசாய்’ என்று தம் வீட்டு உணவு போலவே சாப்பிடுகிறார்கள். ஆலு பராத்தா தெருவுக்கு வராத காரணத்தை ஆள்கணக்கில் தேடுவதைவிட அந்த ரொட்டிக்குள்ளேயே தேட வேண்டும் என்பது என் கட்சி. உள்ளே இருக்கும் கிழங்கின் ஈரம்தான் அதை வீட்டு அடுப்போடு கட்டிப் போட்டிருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பரோட்டா என்றால் மைதாவை வீசி, சுருட்டி, அடித்து எடுக்கும் கடைப் பண்டம். நம் ஊர் ரொட்டி சானாய் அதன் உடன்பிறப்பு. பஞ்சாபின் பராத்தா கோதுமையைத் தவிட்டோடு அரைத்த ஆட்டா மாவில் செய்வது. அடுக்கு என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பராத்தா என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கிழங்கு வைத்த பராத்தாவில் அடுக்கே கிடையாது என்பது வேறு கதை. செய்முறையில் பார்த்தால் அது பரோட்டாவைவிட நம் பருப்புப் போளிக்குத்தான் நெருங்கிய சொந்தம். மேல்மாவைக் கிண்ணம் போல் விரித்து, உள்ளே பூரணத்தை உருட்டி வைத்து, வாயை மூடித் தட்டுவது இரண்டிலும் ஒன்றே. போளி தட்டத் தெரிந்த கைக்கு ஆலு பராத்தா புது வித்தை அல்ல. மேல்மாவும் பூரணமும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும், ஒன்று இறுகி மற்றது இளகினால் பிய்ந்துவிடும் என்று போளிக்குச் சொல்லும் விதி இதற்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

பூரணம் வைத்த ரொட்டி இந்தியாவுக்குப் பழையது. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் உள்ள 12ஆம் நூற்றாண்டு மானசோல்லாசத்திலேயே அந்த வகைப் பண்டங்கள் பேசப்படுகின்றன. உருளைக்கிழங்குதான் புது வரவு. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் பல்லாயிரம் ஆண்டு விளைந்த கிழங்கைப் போர்த்துக்கீசியர் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மராத்தியிலும் குஜராத்தியிலும் அதை இன்றும் ‘பட்டாட்டா’ என்றே சொல்வது அந்தக் கப்பலின் தடம். வடக்கே கிழங்குக்கு வழங்கிய பழைய சொல்லான ‘ஆலு’ புதியவன்மேல் ஏறிக்கொண்டது. ஆங்கிலேயர் காலத்தில்தான் அது வட இந்திய வயல்களில் பரவியது. விடுதலைக்குப் பின் 1949இல் தொடங்கிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் ‘குஃப்ரி’ என்ற அடைமொழியோடு ரகம் ரகமாக வெளியிட்டது. இன்று ஜலந்தர் வட்டாரம் விதைக்கிழங்குக்குப் பேர்போனது. பஞ்சாபின் முள்ளங்கிப் பராத்தா, காலிஃபிளவர்ப் பராத்தா இரண்டையும்விட ஆலு பராத்தா முன்னுக்கு வந்ததற்குக் காரணம் எளிது. மற்றவை பருவத்தோடு போய்விடும். கிழங்கு மூலையில் கிடக்கும்.

இப்போது ஈரத்துக்கு வருவோம். பச்சை உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. வேகும்போது அந்த மாவுச்சத்து கிழங்கின் அறைகளுக்குள்ளேயே தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது. மாவுத்தன்மை கூடிய கிழங்கு என்றால் அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து பொலபொலவென்று உதிரும். வழுவழுப்பான ரகம் என்றால் ஒட்டிக்கொண்டு துண்டாகவே நிற்கும். குழம்பில் கரையாமல் நிற்க இரண்டாவது ரகம் நல்லது, பராத்தாவுக்கு அது ஆகாது. இங்கே பாசாரில் ‘ஹாலந்து’ என்று விற்பது குழம்புக்குத் தோதானது. அமெரிக்க ரஸ்ஸெட் பராத்தாவுக்குத் தோது. எந்த ரகமானாலும் தோலோடு முழுசாக வேக வைக்க வேண்டும். நறுக்கிப் போட்டால் வெட்டுவாய் வழியே தண்ணீர் ஏறும். வெந்ததும் நீரை வடித்துவிட்டு, சூடான வெறும் பாத்திரத்திலேயே இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் ஆவி போகும். பிறகு தோலை உரித்து, நன்றாக ஆறவிட்டுத் தேங்காய் துருவுவது போலத் துருவ வேண்டும். மிக்ஸியில் போட்டால் அறைகள் உடைந்து மாவுச்சத்து வெளியே கொட்டும். கையில் வருவது பசை, சுவரொட்டி ஒட்டலாம்.

அதன்பின் உப்பு. நறுக்கிய வெங்காயத்தின்மேல் உப்புப் பட்டால் சில நிமிடத்தில் நீர் விடும் என்பது பச்சடி செய்கிற எல்லாருக்கும் தெரியும். அதே காரியம் பூரணத்துக்குள் நடந்தால் ரொட்டி கட்டையிலேயே கிழியும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் வெங்காயத்தை அரிசிமணி அளவுக்கு நறுக்கிப் பிழிந்து சேர்ப்பார்கள், அல்லது விட்டே விடுவார்கள். உப்பைக் கடைசியில், தேய்க்கப் போகும் நேரத்தில்தான் போடுவார்கள். புளிப்பைப் பாருங்கள். எலுமிச்சையும் புளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பஞ்சாபி அடுப்படி காய வைத்த மாதுளை முத்தையும் உலர்ந்த மாங்காய்த் தூளையும் தேடிப் போகிறது. ருசி ஒரு காரணம், சந்தேகமில்லை. அதோடு, ஒரு சொட்டு ஈரமும் சேர்க்காமல் புளிப்பைத் தருவது அந்த இரண்டும்தான். பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, கசக்கிப் போட்ட ஓமம், வறுத்துப் பொடித்த சீரகம், இத்தனையோடு பூரணம் முடிந்தது. மஞ்சள்தூள் போட்டுத் தாளித்தால் அது நம் மசால் தோசைக் கிழங்கு. அதுவும் நல்லதுதான், ஆனால் எண்ணெயும் நீரும் சேர்ந்து இளகியிருப்பதால் இங்கே உதவாது.

மாவிலும் இதே கதைதான், கொஞ்சம் அரசியலும் சேர்ந்து. மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கியது கெடா. மூடா, பெடு அணைகளின் நீரால் இரு போகம் விளையும் மூடா சமவெளி அலோர் ஸ்டாரைச் சுற்றித்தான் விரிந்து கிடக்கிறது; நெல்லுக்கென்று ஒரு காட்சியகமே குனோங் கெரியாங் மலையடியில் இருக்கிறது. கோதுமையோ இந்த நாட்டில் ஒரு மணிகூட வணிகமாக விளைவதில்லை, எல்லாம் கப்பலில்தான் வருகிறது. வந்ததில் பெரும்பங்கு வெள்ளை மாவாக அரைபடுகிறது. நெடுங்காலமாக விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் சீனி, சமையல் எண்ணெயோடு நிற்பதும் அந்த மாவுதான். மலிவாகவும் கடைக்குக் கடையும் கிடைத்தால் சமையல் அதன் பக்கம் சாயும். ரொட்டி சானாயின் வெற்றியில் மாமாக்களின் கைத்திறனுக்கு எவ்வளவு பங்கோ, இந்த மாவு விலைக்கும் பங்கு உண்டு. ஆட்டா வேறு சாதி. கல் எந்திரத்தில் அழுத்தமும் சூடும் பட்டு அரைபடுவதால் அதன் மாவுச்சத்து ஓரளவு உடைந்து, வெள்ளை மாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கிறது. தவிடும் தன் பங்குக்கு மெல்ல மெல்ல உறிஞ்சுகிறது. பிசைந்த உடனே தேய்த்தால் ஓரம் வெடிக்கும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வைத்தால் மாவு தானே இளகி வழிக்கு வரும். கிழங்கிலிருந்து நீரை ஓட்ட வேண்டும், மாவுக்கு நீரை ஊட்ட வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பராத்தா நிற்கிறது.

தேய்ப்பதைக் கிட்டே நின்று பார்த்தால் இந்த விவகாரம் முழுக்கப் புரியும். எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டை மாவு, ஏறக்குறைய 60 கிராம். அதைக் கட்டைவிரலால் சுற்றி அழுத்தினால் நடுவில் தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் ஒரு கிண்ணம் வரும். நடு தடிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் அடிப்பக்கம் ஒற்றைத் தாளாகத்தான் இருக்கும்; மேலே மடிப்பு சேரும் இடம் எப்படியும் தடித்துவிடும். மாவின் எடைக்குக் குறையாத பூரணத்தை உள்ளே வைத்து, கொழுக்கட்டைக்குப் போல ஓரத்தைக் கொசுவிச் சேர்த்து, உச்சியில் திருகிக் கிள்ளி எறிய வேண்டும். உள்ளே காற்று நின்றால் அங்கேதான் வெடிக்கும். முதலில் விரல்களால் தட்டி நடுவிலிருந்து கிழங்கை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். கட்டையை எடுத்ததும் நடுவில் அழுத்தக் கூடாது. ஓரத்தை மட்டும் உருட்டினால் ரொட்டி தானே சுற்றும். சரியாக வந்தால் மாவின் அடியில் பச்சைத் தழை நிழலாகத் தெரியும். காய்ந்த கல்லில் போட்டு, நிறம் மாறியதும் திருப்பி, அதன் பிறகே நெய் தடவ வேண்டும். முன்பே தடவினால் மேல்மாவு வேகாமல் வறுபடும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி ரொட்டியை உப்ப வைக்கும். ஓரங்களைத் துணியால் அழுத்திக்கொண்டே இருந்தால் நாலு நிமிடத்தில் பழுப்புப் புள்ளிகளோடு இறங்கும். வெண்ணெய், கட்டித் தயிர், மாங்காய் ஊறுகாய் போதும். பருப்புக் குழம்பு ஊற்றி ஊறவைத்துச் சாப்பிடுவது சானாய்க்கு அழகு. மொறுமொறுப்பான இந்த ஓட்டைக் குழம்பில் முக்குவது செய்தவரை அவமதிப்பது.

இந்த நாலு நிமிடத்தில்தான் கடை தோற்கிறது. சானாய் மாவை முதல்நாளே பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறப் போடலாம். நேரம் ஆக ஆக அது இன்னும் நன்றாக வீசவரும். காத்திருப்பதே அதன் பலம். பூரணம் அடைத்த ஆட்டா உருண்டைக்குக் காத்திருப்பதே விஷம். உப்பு நீரை இழுக்கும், நீர் மேல்மாவை நனைக்கும், பத்தே நிமிடத்தில் அடி ஒட்டும். தேய்த்து அடுக்கி வைக்கவும் முடியாது, சுட்டு அடுக்கி வைத்தாலும் ஒன்றன் ஆவியில் மற்றது நமுத்துப் போகும். ஒன்று கல்லில், ஒன்று கட்டையில், ஒன்று தட்டில் என்று போனால்தான் அது ஆலு பராத்தா. சீக்கியரின் லங்கர் இதற்குச் சாட்சி. அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி உட்பட நாடெங்கும் உள்ள குருத்துவாராக்களில் வருகிறவர் எவராயினும் தரையில் அமர வைத்து உணவு தருவது வழக்கம். அங்கே அன்றாடம் வருவது பருப்பும் பூரணம் வைக்காத ரொட்டியும். அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஆயிரக்கணக்கில் ரொட்டி சுட எந்திரமே ஓடுகிறது. அந்த எந்திரமும் வெறும் ரொட்டிக்குத்தான். பெருந்திரளுக்குச் சமைக்கும் கலையில் பஞ்சாபியரை மிஞ்ச ஆளில்லை. அவர்களே கூட்டத்துக்கு ஒரு ரொட்டியும் வீட்டுக்கு ஒரு ரொட்டியும் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

டெல்லியில் சாந்தினி சவுக்கில் பராத்தாவுக்கென்றே ஒரு சந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறதே, ஹரியானாவின் மூர்த்தலில் நெடுஞ்சாலை தாபாக்கள் ராவும் பகலும் இதையே விற்கின்றனவே என்று வடக்கே போய்வந்தவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அந்தக் கடைகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். சாந்தினி சவுக்கில் பராத்தாவை இரும்புச் சட்டியில் நெய்யில் மூழ்கப் பொரிக்கிறார்கள். மூர்த்தலில் தந்தூர் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள். கொதிக்கும் நெய்யும் கொழுந்துவிடும் தந்தூரும் ஈரத்தை அடித்து விரட்டும், மிதமான கல்லால் அது முடியாது. ருசியான பண்டங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைக்கு வந்த பராத்தா கல்லை விட்டுவிட வேண்டியிருந்தது என்பதே என் வாதத்துக்கு வலு.

இரண்டாவது தடை இன்னும் கூர்மையானது. பஞ்சாபியரே ரயில் பயணத்துக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் இதைக் கட்டிக் கொடுக்கிறார்களே? கொடுக்கிறார்கள். கட்டுச்சோறு வேறு, வடித்த சோறு வேறு என்பது போல அது வேறு பராத்தா. அதில் வெங்காயம் இருக்காது, பூரணம் குறைவு, கல்லில் கூடுதல் நேரம் கிடக்கும், நன்றாக ஆறின பிறகே பொட்டலம் ஏறும். ஓடு மெத்தென்று ஆகிவிடும் என்று தெரிந்தே ஊறுகாயோடு சாப்பிடுவார்கள். பேரங்காடியில் உறைய வைத்து விற்பதற்கும் இதே கதி. கிழங்கைத் துருவிச் சேர்ப்பதற்குப் பதில் உலர்ந்த கிழங்குச் செதிலைப் போட்டு ஈரத்தை ஆலை கட்டுக்குள் வைக்கும் பொட்டலங்கள் பல. பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் பூரணம் எவ்வளவு என்பதும் தெரியும். அவசரத்துக்கு உதவும், பழி சொல்ல ஒன்றுமில்லை.

மாவுக்குள் மாவை வைத்துத் தின்பதா, சர்க்கரை நோய் மலிந்த நாட்டில் இதைப் பரிந்துரைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. 2023இன் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறையும். 60 கிராம் மாவு உருண்டையில் உலர்மாவு 38 கிராம் அளவு. அதோடு 70 கிராம் கிழங்கு. இரண்டிலுமாகச் சேர்த்து மாவுச்சத்து ஏறக்குறைய 40 கிராம். 200 கிராம் சோறுள்ள தட்டில் 55 கிராம் அளவு இருக்கும். முக்கால் பங்கு தண்ணீராக உள்ள கிழங்கு, எடைக்கு எடை பார்த்தால் தன்னைச் சுற்றியிருக்கும் மாவைவிட இளைத்ததுதான். ஒரு தேக்கரண்டி நெய்யும் கட்டித் தயிரும் சேர்ந்தால் அது முறையான பசியாறல். வில்லங்கம் மூன்று பராத்தாவில் தொடங்குகிறது, கட்டிப்பால் தேநீரில் முடிகிறது. ஏர் பிடித்தவருக்காக ஏற்பட்ட அளவு அது. கெடா வயலில்கூட இன்று அறுவடை எந்திரம் இறங்கிவிட்டபின், நாற்காலியில் இருப்பவருக்கு ஒன்று போதும். நீரிழிவுக்காரர் தம் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எனக்கு உண்மையில் நெருடும் தடை வேறொன்று. சுட்ட கையோடு சாப்பிட வேண்டும் என்றால் யாரோ ஒருவர் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாரோ, பஞ்சாபிலும் சரி நம் தோட்டப்புற வீட்டிலும் சரி, பெரும்பாலும் ஒரு பெண். எல்லாரும் எழுந்த பிறகு கடைசி ரொட்டி அவருக்கு. தோசைக்கும் இதே வழக்கு உண்டு. ‘வீட்டு ருசி’ என்று மெச்சிக்கொள்ளும்போது இந்தக் கூலியில்லாத உழைப்பைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. இதற்கும் பதில் லங்கரிலேயே இருக்கிறது. அங்கே மாவு தேய்ப்பதும் ரொட்டி திருப்புவதும் ஆண் பெண் இருவருக்கும் சேவை; இடம் மாறி மாறி உட்காருவார்கள். பராத்தாவும் இயல்பிலேயே இரண்டு பேர் வேலை. ஒருவர் அடைத்துத் தேய்த்தால் மற்றவர் கல்லைக் கவனிக்கலாம், மூன்று ரொட்டிக்கு ஒருமுறை இடம் மாறலாம். வீட்டில் அது நடக்கவில்லை என்றால் பழி ரொட்டியின் மேல் அல்ல.

1873இல் கேப்டன் ஸ்பீடி லாருட்டுக்குத் திரட்டி வந்த படையோடு தொடங்கி, காவலராகவும் வாட்ச்மேனாகவும் பால்காரராகவும் பஞ்சாபியர் மலாயாவின் ஊர்களில் வந்து நிலைத்தார்கள். கல்கத்தா வழியே கப்பலேறியவர்கள் என்பதால் மலாய்க்காரர் ‘பெங்காலி’ என்றார்கள். நம்மவர் வாயில் அது ‘வங்காளி’ ஆனது. வங்காளத்துக்கும் அவர்களுக்கும் உள்ள தொடர்பு அந்தத் துறைமுகத்தோடு சரி. பெடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் நம்மவர் பால் வெட்டிய காலத்திலிருந்தே இரு கூட்டமும் ஒரே மாநிலத்தில் இருந்தும், போளி தட்டும் கை பராத்தாவை அதிகம் தொடவில்லை. கடையில் பார்க்காததை வீட்டில் செய்து பார்க்க யாருக்கும் தோன்றாது. தோன்றினால், ஒரு கிலோ மாவும் நாலு கிழங்கும் வாங்கினால் போதும். மாவு வாங்கும்போது மட்டும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்: ‘தெப்புங் ஆட்டா’ என்று இருக்க வேண்டும். வெறும் ‘தெப்புங் கண்டும்’ என்றிருந்தால் கோதுமை மாவு என்று நம்பி எடுக்காதீர்கள், அது நம் மைதாவேதான்.